ஆர்.வி.யிலேயே குடியிருப்பவர்கள் சைக்கிளை எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது?

"இனிமேல் ஆர்.வி.யிலேயே, அதாவது வீட்டு வசதிகள் கொண்ட வண்டியிலேயே, குடியிருக்கப் போகிறோம். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர். நாங்கள் இருவர், ஆளுக்கொரு சைக்கிள். ஒன்று மலைப்பாதையில் ஓட்டும் சாதாரண சைக்கிள், மற்றது மின்சார சைக்கிள். டிரெய்லரின் பின்பக்கம் ஒரு ரேக் மாட்டி, இரண்டையும் அதிலேயே பூட்டி வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. விடுமுறைக்கு மட்டும் ஆர்.வி. எடுக்கிறவர்களுக்கு அது சரிப்படும். ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்ததும் சைக்கிள் வீட்டுக்குள் போய்விடும். உங்களுக்கு அப்படி ஒரு வீடு இருக்கப் போவதில்லை. சைக்கிள் வருடம் முழுக்க வெயிலிலும் மழையிலும் நெடுஞ்சாலைப் புழுதியிலும் கிடக்கும். முன்பின் தெரியாத இடங்களில் இரவைக் கழிக்கும். அதனால் கேள்வியை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும் நாளில் சைக்கிள் எங்கே இருக்கும்? வண்டி நிற்கும் நாட்களில் எங்கே இருக்கும்? ஒரே ரேக்கை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்ப்பவர்கள் ஒன்று சைக்கிளைத் தொலைக்கிறார்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கவிட்டு ஓட்டுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் ஓடும் நாள்.

டிரெய்லருக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். 4 அங்குலச் சதுரக் குழாய் ஒன்று பம்பர் என்ற பெயரில் இருக்கும். ஓரத்து மூடியைக் கழற்றினால் உள்ளே கழிவுநீர்க் குழாய் நீட்டி வைக்கப்பட்டிருக்கும். உண்மையில் அது குழாய் வைக்கும் இடம்தான். மெல்லிய இரும்பு, சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இரண்டு இடத்தில் வெல்டிங், அவ்வளவுதான். அதில் பிடிக்கிற மாதிரி ரேக்குகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கிடைப்பதால் மட்டும் பம்பர் தாங்கும் என்று ஆகிவிடாது. பம்பரில் எதையும் மாட்டக் கூடாது என்று டிரெய்லர் கையேட்டிலேயே பல தயாரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய டிரெய்லர் வாங்குகிறீர்கள் என்றால் அந்த வெல்டிங் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போல ஒரு கீறலும் அதிலிருந்து பழுப்பு நிறத்தில் துரு வழிந்த தடமும் இருந்தால், முந்தைய உரிமையாளர் அங்கே எதையோ சுமந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சேஸிஸின் நீளச் சட்டங்களோடு நேரடியாகப் பிணைத்த, ரேக்கைச் செருகும் 2 அங்குல ஹிட்ச் குழாய் இருந்தால் கதை வேறு. அப்போதும் ரேக்கின் கையேட்டில் ஆர்.வி.யின் பின்பக்கத்துக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். காருக்கு என்று செய்த பல ரேக்குகளை டிரெய்லரின் பின்னால் மாட்டினால் உத்தரவாதமே செல்லாது. சில ரேக்குகளுக்குக் காரில் ஓர் எடை வரம்பும் டிரெய்லரில் அதைவிடக் குறைந்த வரம்பும் கொடுத்திருப்பார்கள். காரணம் எளிது. டிரெய்லரின் வால், சக்கரங்களிலிருந்து வெகுதூரம் பின்னால் நீண்டிருக்கிறது. சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலே வால் முனை அதைவிட அதிகமாகக் குதிக்கும். பல மணி நேரம் அப்படிக் குதித்துக்கொண்டே போனால் போல்ட் தளரும், பெல்ட் தேயும், கடைசியில் இரும்பே களைத்துப் போய் உடையும்.

இதைவிட முக்கியமானது பாரம். டிரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தை காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்த வேண்டும். இந்த முன்பாரம் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், காரையும் சேர்த்து இழுக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லர் 3000 கிலோ, முன்பாரம் 320 கிலோ. ஹிட்ச் பந்திலிருந்து சக்கர அச்சு 5 மீட்டர் தூரத்தில். ரேக், அச்சிலிருந்து 4 மீட்டர் பின்னால். ரேக்கும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால், 70 பெருக்கல் 4, வகுத்தல் 5. முன்பாரத்திலிருந்து 56 கிலோ போய்விடுகிறது. மிச்சம் 264 கிலோ. அதாவது 9 சதவீதத்துக்கும் குறைவு. எழுபதே கிலோ, அதுவும் 3 டன் வண்டியில் என்று அலட்சியமாக நினைக்கும் எடை, வண்டியைப் பாதுகாப்பான எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டது. தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்து அதையும் நிரப்பியிருந்தால் இன்னும் மோசம். அதனால் ரேக் வாங்குவதற்கு முன்பே, வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றி, லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை பார்த்துவிடுங்கள். முழுநேரம் குடியிருப்பவர்களின் வண்டி கம்பெனிக் காகிதத்தில் போட்டிருக்கும் எடையில் ஒருபோதும் இருப்பதில்லை.

மோட்டார்ஹோம் (எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக அமைந்தது) வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வரி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர், பின் அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால் ரேக் என்றால், அதே 70 கிலோ பின் அச்சில் சுமார் 114 கிலோவாக விழும். முன் அச்சு 44 கிலோ இலேசாகும். பின் அச்சின் வரம்பில் எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ரேக்கைப் பற்றி யோசியுங்கள்.

சரி, பின்பக்கம் வேண்டாமென்றால் வேறு எங்கே?

உங்கள் அமைப்புக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இழுக்கும் வண்டியைத்தான். பிக்கப் என்றால் பின் தொட்டியில் படுக்கவோ நிற்கவோ வைத்துக் கட்டிவிடலாம். எஸ்.யு.வி. என்றால் பின் சீட்டை மடித்து, முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைக்கலாம். இதில் பாரக் குழப்பம் குறைவு, புழுதி இல்லை, கண்ணில் படாது. கார் உள்ளே இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது ஒன்றுதான் குறை. முழுநேரம் குடியிருப்பவர்கள் காரின் பின்பக்கத்தைச் சரக்கு அறை போல ஆக்கிவிடுவதால் அங்கே இடமிருக்காது என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே இருக்கும் பாதிச் சாமான் சைக்கிளைவிடக் குறைவாகப் பயன்படுவதாக இருக்கும்.

அடுத்தது டிரெய்லரின் மூக்குப் பகுதி. காஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் அந்த முக்கோணச் சட்டத்தில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ரேக்குகள் உண்டு. பின்பக்கத்தோடு ஒப்பிட்டால் அங்கே குதிப்பு மிகவும் குறைவு. முன்பாரமும் கூடத்தான் செய்யும். அதனால் காரின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே வரம்பை ஒட்டியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிட்டது. இன்னொன்று, திருப்பம். ஆளில்லாத மைதானம் ஒன்றில் ஒருவர் கீழே நின்று பார்க்க, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, முன்னாலும் பின்னாலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நேராகப் போகும்போது அரை மீட்டர் இடைவெளி இருக்கும் ஹேண்டில்பார், ரிவர்ஸில் ஒடிக்கும்போது காரின் பின் கண்ணாடிக்குள் போய் நிற்கும். காரின் பின்கதவு முழுவதும் திறக்கிறதா, சிலிண்டர் மாற்றக் கை போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

காரின் கூரையில் ஏற்றலாம்தான். ஆனால் மின்சார சைக்கிளை அந்த உயரத்துக்குத் தூக்குவது யார்? அதோடு, தாழ்வான பாலத்தைப் பார்த்ததும் கூரையில் சைக்கிள் இருப்பது நினைவுக்கு வர வேண்டும். ஆர்.வி.யின் பின் ஏணியில் தொங்கவிடும் ரேக்கைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை: வேண்டாம். ஏணியைப் பிடித்திருப்பது மெல்லிய சுவரில் இறங்கிய சில திருகாணிகள். அவை ஆடி ஆடித் தளர்ந்தால் அந்த ஓட்டை வழியே மழைநீர் சுவருக்குள் இறங்கும். சுவர் உப்பி மேலேறிய பிறகுதான் நமக்குத் தெரியும். அப்போது சைக்கிளின் விலையைவிடச் சுவரைச் சரிசெய்யும் செலவு பெரிதாக இருக்கும்.

ரேக் எங்கே இருந்தாலும், ஃபிரேமின் மேல்குழாயைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். சைக்கிள் சக்கரத்தில் நிற்கிற மேடை வகைதான் ஆர்.வி. வாழ்க்கைக்கு லாயக்கு. தொங்கும் சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசும். கார்பன் ஃபிரேமை இறுக்கிப் பிடித்தால் விரிசல் விழக்கூடும். மின்சார சைக்கிளுக்கு எடையே தனிப் பிரச்சினை. சாதாரணமாக 20 முதல் 30 கிலோ வரும். பல ரேக்குகளில் ஒரு சைக்கிளுக்கான வரம்பு 27 கிலோ அளவில்தான் நிற்கிறது. ஏற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டால் 3, 4 கிலோ குறையும், தூக்குகிற முதுகுக்கும் நல்லது. ரேக் நீளம் போதவில்லை என்று ஹிட்ச் குழாய்க்கு நீட்டிப்பு வாங்கினால், தாங்கும் எடை பொதுவாகப் பாதியாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டும்போது சில சின்ன வேலைகள். ரேக்குக்கும் ஹிட்ச் குழாய்க்கும் நடுவே இருக்கும் லொட லொட ஆட்டத்தை நீக்கும் இறுக்கி ஒன்று போடுங்கள். பெடல்களைக் கழற்றிவிட்டால் உரசல் பாதி குறையும். இடப்பக்கப் பெடலின் மறை தலைகீழானது, வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். முன்சக்கரம் காற்றில் சுற்றாதபடி ஃபிரேமோடு ஒரு பெல்ட். உரசும் இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் உறையைக் கீறி மாட்டினால் போதும். கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கையால் ஆட்டிப் பாருங்கள். பெல்ட் தளர்வது பெரும்பாலும் அந்த முதல் தூரத்தில்தான். மோட்டார்ஹோமிலோ காரிலோ மாட்டினால் சைலன்சர் வாய் எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நேரே டயர் இருந்தால் சூட்டில் உருகிவிடும். நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைந்தால் பெரும்பாலான நாடுகளில் அபராதம் உண்டு. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 50 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகை மாட்டியாக வேண்டும்.

ஓடும்போது உறை போட்டு மூடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பின்பக்க ரேக்கில் வேண்டாம். பெட்டி போன்ற வண்டி காற்றைக் கிழித்துப் போகும்போது அதன் முதுகில் சுழல் உண்டாகிறது. அதுதான் புழுதியையும் சேற்றுத் துளியையும் சைக்கிள் மேல் இழுத்து அடிக்கிறது. அதே சுழலில் உறை படபடவென்று அடித்து, பெயின்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல ஆக்கிவிடும். செயினுக்கும் கியருக்கும் மட்டும் ஓர் உறை, சீட்டுக்கு ஒன்று, ஹேண்டில்பாரில் இருக்கும் கணினிக்கு ஒன்று, அது போதும். இறங்கியதும் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி நிற்கும் நாட்கள்.

இங்கே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: சைக்கிளை எடுத்து ஏறி உட்கார எத்தனை நிமிடம் ஆகிறது? இரண்டு மூன்று நிமிடம் என்றால் தினமும் ஓட்டுவீர்கள். உறையை அவிழ்த்து, நாலு பூட்டைத் திறந்து, மற்ற சைக்கிளை இறக்கிவிட்டுத்தான் உங்களுடையதை எடுக்க வேண்டும் என்றால், பாலும் ரொட்டியும் வாங்கக்கூடக் காரை எடுப்பீர்கள். பிறகு எதற்கு அந்த 70 கிலோவைச் சுமக்க வேண்டும்?

வந்து சேர்ந்ததும் ரேக்கிலிருந்து இறக்கிவிடுங்கள். ஓர் இரவுதான் தங்கல் என்றால் ஆர்.வி.க்கு உள்ளே, நடைபாதையிலோ குளியல் தொட்டியிலோ. டிரெய்லர் கட்டிலின் கீழே ஊடறை, அதாவது வெளிக்கதவு வைத்த சாமான் அறை, இருந்தால் அதில் வைக்க முடியுமா என்று அளந்து பாருங்கள். அறையை அளக்காமல் கதவை அளக்க வேண்டும். அறை பெரிதாக இருந்து கதவு 60 செ.மீ. உயரம்தான் என்றால் பயனில்லை. முன்சக்கரத்தைக் கழற்றினால் நீளத்தில் சுமார் 35 செ.மீ. குறையும். ஹேண்டில்பாரை ஆலன் சாவியால் தளர்த்தி ஃபிரேமுக்கு இணையாகத் திருப்பினால் அகலமும் அடங்கிவிடும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் லீவரை அழுத்த, கட்டைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, மறுநாள் காலை சக்கரத்தை மாட்ட முடியாமல் திண்டாட வேண்டும்.

நீண்ட நாள் தங்கல் என்றால் வெளியே, ஆர்.வி.யின் பக்கத்துக் கூடாரத் துணிக்குக் கீழே, கதவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். இரவில் மட்டும் உறை. உறையின் அடிப்பக்கம் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்க வேண்டும். தரை வரை இழுத்து மூடி இறுக்கினால் ஈரம் உள்ளேயே வியர்த்து, மழையில் நனைந்ததைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். கடற்கரையோரம் தங்கினால் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் மெதுவாக அலசிவிடுங்கள். அழுத்தத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், பேரிங்குக்குள் போய்விடும்.

மடிக்கும் சைக்கிள் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும். பிராம்ப்டன் நிறுவனத்தின் 16 அங்குலச் சக்கரச் சைக்கிளை மடித்தால் ஏறத்தாழ 65, 59, 27 செ.மீ. அளவில் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். 20 அங்குலச் சக்கரம் வைத்தவை இதைவிடக் கொஞ்சம் பெரிதாக மடங்கும், ஆனால் ஓட்டச் சுகம். ஆளுக்கொன்றாக அப்படி இரண்டு வாங்கி அலமாரிக்குக் கீழேயோ கார் டிக்கியிலோ வைத்துவிட்டால் இதுவரை நான் எழுதியதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. கடைக்குப் போவது, முகாமுக்குள் சுற்றுவது, ஊர் பார்ப்பது, இவ்வளவுதான் உங்கள் ஓட்டம் என்றால் தயங்காமல் அதற்கு மாறுங்கள். மலைப்பாதையில் ஓட்டுவதுதான் ஆசை என்றால் 16 அங்குலச் சக்கரம் அங்கே எடுபடாது.

பூட்டு விஷயத்துக்கு வருவோம். திருடர்களில் இரண்டு ரகம். போகிற போக்கில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போகிறவர்கள், கருவியோடு வருகிறவர்கள். எண்ணிக்கையில் முதல் ரகம்தான் அதிகம் என்பதால் மெல்லிய கேபிள் பூட்டு போதும் என்று நினைக்கத் தோன்றும். கேபிளைச் சாதாரண கையடக்கக் கட்டர் சில நொடியில் வெட்டிவிடும். சட்டைப் பையில் அடங்கும் கருவி அது. கேபிளைச் சீட்டையும் முன்சக்கரத்தையும் பிணைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை. நகரத்துச் சைக்கிள்காரர் தன் பூட்டைத் தானே சுமந்தாக வேண்டும், அதனால் எடைக்குப் பயப்படுகிறார். உங்கள் இரவுப் பூட்டு ஆர்.வி.யை விட்டு எங்கும் போகப் போவதில்லை. அதனால் கனமான சங்கிலியே வாங்குங்கள். கெட்டிப்படுத்திய எஃகில் 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் இருந்தால் கையால் இயக்கும் போல்ட் கட்டர் அதனிடம் தோற்றுப்போகும். இரும்பை அறுக்கும், பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் முன்னால் வழக்கமான எஃகுப் பூட்டு ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதைச் சமாளிக்கவென்றே கலப்புப் பூச்சோடு ஹிப்லாக் டி1000, லைட்லாக் எக்ஸ்1 போன்ற யு-லாக்குகள் வந்திருக்கின்றன, கிரைண்டர் தட்டையே தேய்த்துத் தீர்த்துவிடும். விலை அதிகம்தான். மின்சார சைக்கிளுக்கு அந்தச் செலவு தகும், பழைய மலைச் சைக்கிளுக்குத் தகாது. பூட்டின் தரத்தை விளம்பரத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. போன்ற அமைப்புகள் பூட்டுகளைச் சோதித்துத் தரம் கொடுக்கின்றன. அட்டையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பூட்டை யாராவது சும்மா கொடுத்தால் சாவித்துவாரத்தைக் கவனியுங்கள். வட்டக் குழாய் வடிவச் சாவி என்றால் வாங்காதீர்கள். அந்த வகைப் பூட்டுகளில் பலவற்றைப் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடலைச் செருகியே திறந்துவிடலாம் என்பது 2004-இல் வெளியாகி, கிரிப்டோனைட் நிறுவனம் பூட்டுகளை மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது.

பூட்டைவிட, எதில் பூட்டுகிறோம் என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ரேக்கை ஹிட்ச் குழாயில் பிடித்திருப்பது குறுக்கே செருகிய ஒரே ஒரு இரும்பு ஊசி, அதன் நுனியில் ஒரு கிளிப். கிளிப்பை இழுத்து ஊசியை உருவினால் ரேக், சைக்கிள், பூட்டு எல்லாம் ஒன்றாகவே பயணப்பட்டுவிடும். பூட்டும் வகை ஊசியாக அதை மாற்றுங்கள். ரேக்கோடு வரும் உள்பூட்டுகள் பெயருக்குத்தான். கனமான சங்கிலியை ஃபிரேமுக்குள்ளும் பின்சக்கரத்துக்குள்ளும் விட்டு, டிரெய்லரின் முக்கோணச் சட்டத்திலோ சேஸிஸ் குறுக்குச் சட்டத்திலோ சுற்றிப் பூட்ட வேண்டும். ஹிட்ச்சில் பாதுகாப்புச் சங்கிலிக்கென்று வெல்டிங் செய்த வளையமும் நல்ல இடம்தான். முகாமில் இருக்கும் மரமேசையில் பூட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மேசையில் பலகையைப் பிடித்திருப்பது நாலு நட்டு. ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும்.

சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் ஊன்றி உடைப்பது சுலபம். சாவித்துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீரும் மண்ணும் இறங்காது. மாதம் ஒருமுறை உலர்வகை எண்ணெய் ஒரு சொட்டு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வருகிற மாதிரி கேட்டால் சில நிறுவனங்கள் செய்து தருகின்றன. ஐந்தாறு சாவியைத் தடவிக்கொண்டிருக்கிறவர் ஒரு நாள் அலுத்துப்போய்ப் பூட்டாமல் படுத்துவிடுவார்.

ஆபத்து அதிகமான நேரம் முகாமில் தங்கும் இரவுகள் அல்ல. அங்கே அக்கம்பக்கம் ஆட்கள் இருப்பார்கள். வழியில் கடை வாசலிலோ லாரி நிறுத்தத்திலோ ஒரு ராத்திரி நிறுத்திவிட்டு அசந்து தூங்கும்போதும், டிரெய்லரை விட்டுவிட்டுக் காரில் பகல் முழுக்க வெளியே போகும்போதும்தான். ராத்திரி நிறுத்தத்தில் ரேக் இருக்கும் பக்கத்தைச் சுவரையோ விளக்குக் கம்பத்தையோ ஒட்டினாற்போல நிறுத்திவிடுங்கள். சைக்கிளை இறக்குவதற்கே இடமில்லை என்றால் பூட்டை வெட்டி என்ன பயன்? பகலில் வெளியே போவதென்றால் சைக்கிள் உள்ளே போகட்டும். உறை போடுவதில் ஒரு லாபம் இருக்கிறது: உள்ளே இருப்பது விலையுயர்ந்ததா, குழந்தைகள் ஓட்டுகிறதா என்று தெரியாது.

மின்சார சைக்கிளின் பேட்டரியும் திரையும் எப்போதும் உள்ளேதான். பேட்டரி இல்லாத சைக்கிளுக்குத் திருட்டுச் சந்தையில் மவுசு குறைவு. பேட்டரிக்கும் வெயில் ஆகாது. மூடிய காருக்குள் நண்பகலில் ஏறும் சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். குளிரில் ஓட்டிவிட்டு வந்தால் அறை வெப்பத்துக்கு வரவிட்டு அப்புறம் சார்ஜரைச் செருகுங்கள். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

சார்ஜ் செய்யும் இடத்தைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஆர்.வி.க்குக் கதவு பெரும்பாலும் ஒன்றுதான். அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கிறது என்று பேட்டரியை அங்கே சார்ஜ் போடுவார்கள். அது தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அதுதான் என்பது அப்போது தோன்றாது. கதவை விட்டுத் தள்ளி, முடிந்தால் வெளியே நிழலில், விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். அவசரகால ஜன்னல் எது, அது திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வாங்கும்போது அமெரிக்காவின் யு.எல். 2849 அல்லது ஐரோப்பாவின் ஈ.என். 15194 என்ற பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுச் சார்ஜர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம்.

மின்கம்பி இல்லாத இடங்களில் தங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கும் தேவை. 500 வாட்-மணி பேட்டரியை முழுசாக நிரப்ப, இன்வெர்ட்டர் சார்ஜர் இழப்பெல்லாம் சேர்த்து, வண்டி பேட்டரியிலிருந்து சுமார் 600 வாட்-மணி போகும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பதே 1280 வாட்-மணி அளவுதான். ஒரு சைக்கிளுக்கே பாதி காலி. சூரியத்தகடு உச்சத்தில் இருக்கும் மதிய வேளையில் செருகுவதுதான் சரி.

கடைசியாகக் காகித வேலை. ஃபிரேமின் அடியில், பெடல் அச்சு நுழையும் உருளைக்குக் கீழே பெரும்பாலும் வரிசை எண் பொறித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்று, வாங்கிய ரசீது ஒன்று. மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். அமெரிக்கப் பக்கம் பைக் இன்டெக்ஸ், 529 கராஜ், பிரிட்டனில் பைக் ரெஜிஸ்டர் என்று பதிவேடுகள் இருக்கின்றன. ஊர் ஊராகப் போகிறவருக்கு இது மிகவும் அவசியம். திருட்டுப் போனது ஓர் ஊரிலும் நீங்கள் இருப்பது இன்னோர் ஊரிலும் என்று ஆகும்போது, உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த காகிதத்தைவிட அந்தப் பதிவுதான் உங்களைத் தேடி வரும். சீட்டுக்கடியில் ஏர்டேக் போன்ற, இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றை ஒளித்து வைக்கலாம். ஆனால் யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, தெரியாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று அதுவே திருடரின் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பிவிடும். கண்டுபிடித்த இடத்துக்குத் தனியாகப் போய் நிற்காதீர்கள், காவல் துறையிடம் காட்டுங்கள்.

காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். நிரந்தரமாக ஆர்.வி.யில் குடியிருப்பதை அந்தப் பாலிசி ஒப்புக்கொள்கிறதா? பல பாலிசிகள் விடுமுறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. மின்சார சைக்கிளைச் சைக்கிளாகக் கணக்கில் எடுக்கிறதா, மோட்டார் வாகனம் என்று விலக்குகிறதா? வெளியே ரேக்கில் இருந்தது திருடுபோனால் எந்தத் தரப் பூட்டு போட்டிருக்க வேண்டும் என்கிறது? சில நிறுவனங்கள் பூட்டு வாங்கிய ரசீதையும் கேட்பார்கள், அதையும் அந்த மின்னஞ்சலிலேயே சேர்த்து வையுங்கள்.